‘சிரிக்கலாம் மிஸ்’

‘நைட்பிட்ச்’ படத்தில் ஒரே ஒரு காட்சிதான் எனக்கு உண்மையாகப் பட்டது. கடையில் பழைய வேலையிடத்துப் பெண்ணொருத்தி எதிர்ப்பட்டு, பிள்ளையோடு வீட்டில் இருப்பது எப்படி என்று கேட்கிறாள். அந்தத் தாய் மனசுக்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கிறாள். வாயில் வருவது வேறு: ரொம்பப் பிடித்திருக்கிறதாம்.

2024இல் மரியல் ஹெல்லர் இயக்கிய படம். எமி அடம்ஸ் நன்றாகத்தான் நடிக்கிறார். அந்தத் தாய்க்குப் பெயர்கூட இல்லை. புருஷன் வேலை வேலை என்று வெளியூர் போய்விட, தான் நாயாக மாறுகிறோம் என்று அவளுக்குத் தோன்றத் தொடங்குகிறது. அந்தக் கோபம் எங்கேயாவது போய்ச் சேரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் புருஷன் தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதும் திருந்துகிறான், அவள் கண்காட்சி வைக்கிறாள், இரண்டாவது பிள்ளையும் பிறக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது.

கூட இருந்து பார்த்த மூத்த மிட்வைஃப் அக்கா சொன்னார்: “படத்து மேல ஏன் கோபப்படுற? நீ கிளினிக்குக்கு வந்த அந்தப் பிள்ளைய நெனச்சிக்கிட்டுல்ல பார்த்த.”

அவர் சொன்னதில் பாதி சரி. அந்த வாரம், நான் மிட்வைஃபாக இருக்கும் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் ஒரு மாதக் குழந்தையோடு வந்தவளிடம், பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பத்துக் கேள்வித் தாளை எடுத்தேன். 1987இல் எடின்பரோக்காரர்கள் தயாரித்தது. கடந்த 7 நாளில் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில், 0 முதல் 3 வரை புள்ளி, கூடினால் கவலை. முதல் கேள்வியே சிரிப்பைப் பற்றியது. எப்போதும் போலச் சிரிக்க முடிகிறதா என்று கேட்டேன். பக்கத்தில் மாமியார், கையில் குழந்தை.

“சிரிக்கிறதுக்கு என்னா மிஸ். சிரிக்கலாம்.”

இதை எந்தக் கட்டத்தில் போடுவது? சொன்ன வார்த்தையைப் பார்த்தால் 0. முகத்தைப் பார்த்தால் அப்படிப் போட மனம் வரவில்லை. மாமியார் முன்னால் துருவிக் கேட்டால், லயத்து வரிசை வீட்டில் அவளுக்குத்தான் பேச்சு விழும். தாளை அப்படியே மடித்து வைத்துவிட்டு, மறுநாள் போனேன். தண்ணீர் விழும் பீலியில் தனியாகத் துணி அலசிக்கொண்டிருந்தாள். புருஷன் கொழும்பில் கடையில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். மறுபடியும் கேட்டேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

“நேத்தே சொன்னேனே மிஸ். சரி, வேற மாதிரி சொல்றேன்னு வைங்க. எழுதிட்டு நீங்க என்னா செய்வீங்க?”

டொக்டரிடம் அனுப்புவோம், தேவையென்றால் அங்கிருந்து மனநல கிளினிக்குக்கு, என்றேன். சொல்ல வேண்டியது அதுதான். ஆனால் போக வர ஒரு நாள் ஆகும், பஸ் காசு வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. 84 நாள் பிரசவ லீவு முடிந்தால் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறிவிடுவாள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா இருக்கும் தோட்டத்தில் பால் கொடுக்க அரை மணி நேரம், நாளுக்கு இரண்டு தடவை என்று சட்டம் இருக்கிறது. மேல்மலையில் கொழுந்து எடுப்பவளுக்கு இறங்கி ஏறவே அந்த நேரம் போய்விடும். எடுத்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். அவள் கேட்டது இதையெல்லாம் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். அவளுக்குக் களைப்பு மட்டும்தான், நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேனோ என்றும் சில இரவுகளில் தோன்றுகிறது. களைப்பு மட்டும் என்றால் அப்படி ஏன் கேட்டாள்?

அதனால்தான் அந்தப் படத்தின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. புருஷன் புரிந்துகொள்வது பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கடையில் பொய் சொன்ன அந்த வாயிடம் படம் திரும்பிப் போகவேயில்லை. மறுபடி ஒருத்தி வந்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? நாய் வாலைக் காட்டிய நேரத்தில் அதைக் காட்டியிருக்கலாம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நாயாக மாறினதுதான் அவருக்குப் பிடித்ததாம்: “நம்ம பொம்பளைங்களுக்கு அதுக்குக்கூட இடமில்ல.”

பீலியில் மற்ற கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளும் நினைப்பு வந்ததா என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் தெளிவாக, இல்லவே இல்லை என்றாள். அது எனக்குத் தைரியம். மொத்தப் புள்ளி குறைவு. அடியில், ‘மீண்டும் பார்க்க வேண்டும்’ என்று எழுதி, டொக்டரிடமும் வாயால் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் புருஷன் வரும்போது அவனிடம் பேசலாம் என்கிறார் அக்கா. அவளைக் கேட்காமல் பேச எனக்கு இஷ்டமில்லை. கேட்க வேண்டுமென்றால், மாமியார் இல்லாத நேரம் பார்த்து மறுபடியும் பீலிக்குத்தான் போக வேண்டும்.