நான்காவது நிபந்தனை

நண்பனும் நானும் சேர்ந்து தொழில் செய்தோம். கணக்கு என் கையில். 2 வருடம் அவனுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பிறகு தொழிலையே மூடிவிட்டோம். விஷயம் வெளியே வரவில்லை. ஆனால் தொழுகை என்னை விட்டுப் போனது. முதலில் சுப்ஹு என்ற அதிகாலைத் தொழுகை, அப்புறம் மற்றவை. பள்ளிவாசலில் அவன் நிற்பானே என்ற கூச்சமும் ஒரு காரணம்.

ஒரு ரமளான் இரவில் குர்ஆனின் ஸுமர் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் காதில் விழுந்தது. வரம்பு மீறியவர்களை, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிற வசனம். அப்படிப்பட்டவர்களையும் ‘என் அடியார்களே’ என்றுதான் கூப்பிடுகிறான். அந்த ‘என்’ என்னை உலுக்கியது. தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி உளூ செய்து 2 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் கிடந்து அழுதேன். எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. சரி, முடிந்தது என்றே நினைத்தேன்.

மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம் சொன்னபோதுதான் பாதிகூட முடியவில்லை என்று தெரிந்தது. தவ்பாவுக்கு, அதாவது பாவமன்னிப்புத் தேடுவதற்கு, நிபந்தனைகள் உண்டு. பாவத்தை விடுவது, வருந்துவது, இனி செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, இந்த மூன்றும் உனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளவை. அடியானின், அதாவது இன்னொரு மனிதனின், உரிமையைப் பறித்திருந்தால் நான்காவதாக அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் மறுமைக்கு வந்து, தான் அநியாயம் செய்தவர்களுக்கு நன்மைகளை எல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நிற்பவனைப் பற்றிய ஹதீஸையும் (நபிமொழி) சொன்னார். அன்று இரவு தூக்கமில்லை.

“நான்தான் எடுத்தேன்னு சொல்லணுமா ஹஜ்ரத்?”

“கட்டாயமில்லை. பணம் அவர் கைக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்.”

நிம்மதியாக இருந்தது. ஆனால் எவ்வளவு எடுத்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. இதற்குக் குறையாது என்று மனசு ஒப்பும் தொகை வரும்வரை கூட்டிக்கொண்டே போனேன். அதை ஒரே தடவையில் கொடுக்க வழியில்லை. தவணையாகக் கொடுத்தால் எதற்கென்று கேட்பானே! சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. முதல் தவணையை எண்ணிப் பார்த்துப் பையில் வைத்தான். “மீதி எப்போ?” என்றான். அவ்வளவுதான்.

தினமும் காலையில் ஸய்யிதுல் இஸ்திஃக்பார் என்ற பாவமன்னிப்புப் பிரார்த்தனையை ஓதுகிறேன். ‘என் பாவத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற இடம் வரும்போது அவன் பணம் எண்ணிய விரல்கள்தான் கண்முன் வருகின்றன.

இன்னும் 2 தவணை பாக்கி. மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.