சிறப்புக் கல்வி படிப்பவர்களுக்கு: கேஸ் ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்

டிப்ளமோ முடித்து முதல் இன்டர்வியூவுக்குப் போனபோது மதிப்பெண் சான்றிதழை ஃபைலின் மேலேயே வைத்திருந்தேன். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அதைப் பார்க்கவேயில்லை. "ஒரு குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போட எப்படிச் சொல்லித் தருவீங்க?" என்றுதான் கேட்டார்.

பயிற்சிக் காலத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். தடித்த துணியில் பெரிய கோட்டுப் பொத்தானைத் தைத்து எடுத்துப்போவேன். பாதிவரை நான் நுழைத்துவிடுவேன், மறுபக்கம் பிடித்து இழுப்பது மட்டும் அவன் வேலை. அது கைவந்த பிறகு நுழைப்பதும் அவனே. கடைசிப் படியில் தொடங்கிப் பின்னால் வருவதுதான் முறை. ஆறு வாரம் ஆயிற்று. அவனுக்குக் கற்றுக்கொடுத்ததை நாள்வாரியாக எழுதிய கேஸ் ஃபைலைக் காட்டினேன், வேலை கிடைத்தது. தேர்வு முடிந்ததும் அந்த ஃபைலைப் பழைய பேப்பர் கடையில் போட்ட தோழிகள் எனக்கு உண்டு.

வேலை எங்கே என்றால், சிறப்புப் பள்ளி மட்டும் இல்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சிறப்பாசிரியரை நியமித்தாக வேண்டும். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. சிறு குழந்தைகளின் குறைபாடுகளை முன்கூட்டியே கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களிலும் நமக்கு இடம் உண்டு. அப்புறம், அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாக, வீடு வீடாகப் போகும் வேலை. நான் அதிகம் கற்றது அங்கேதான். ஆனால் தொகுப்பூதியம்தான்; வீட்டு வாடகையைக் கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள்.

படிப்பில் சேரும் முன் கல்லூரிக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்திலேயே பாருங்கள், விளம்பரத்தை நம்ப வேண்டாம். முடித்ததும் அந்தக் கவுன்சிலின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் (சி.ஆர்.ஆர்.) பதிவு எண் வாங்குங்கள். அது இல்லாமல் பணிசெய்வது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிவைப் புதுப்பிக்கத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்ட சான்றுகள் தேவைப்படும், பத்திரமாக வையுங்கள்.

பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றில் எதை எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் அனுமதி கேட்டுப் போய் உட்காருங்கள். காலைப் பிரார்த்தனையிலிருந்து மதியச் சாப்பாடு ஊட்டுவது வரை கூடவே இருங்கள். நான் செவித்திறன் எடுக்கத்தான் நினைத்திருந்தேன். மூன்றாவது நாள் ஒரு சிறுமி தன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அன்று மாலையே விண்ணப்பத்தில் பிரிவை மாற்றி எழுதினேன்.