தட்டினால் விரியும் தங்கம், உடையும் வைரம்

கோவையில் சின்னதாக ஒரு நகைப்பட்டறை நடத்துகிறேன். தங்கத்தைச் சுத்தியலால் தட்டினால் தகடாக விரியும். அதே அடி வைரத்தின் மேல் விழுந்தால் தெறித்துப் போகும். ஆனால் அந்த வைரத்தின் மேல் தங்கத்தால் ஒரு கீறல்கூடப் போட முடியாது. அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் விதம்தான் இதற்கெல்லாம் காரணம்.

தங்கத்தில் ஒவ்வொரு அணுவும் ஓர் எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. பிடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், அணு வரிசை ஒன்று பக்கத்து வரிசை மேல் வழுக்கிப் போனாலும் பிடி விடாது. வரிசை முழுசும் ஒரேயடியாக நகர்வதில்லை. அடுக்கில் இருக்கும் சின்னச் சின்னப் பிசகுகள்தான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கின்றன. டெய்லர், ஒரோவான், போலான்யி என்ற மூவர் 1934-இல் தனித்தனியாக இதைச் சொன்னார்கள்.

கம்பி இழுக்கும் எல்லோருக்கும் இது கையிலேயே தெரியும். இழுக்க இழுக்கப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர முடியாமல் நிற்கும். கம்பி விறைத்துவிடும். அதற்கு மேலும் இழுத்தால் அறுந்துவிடும். அப்போது நெருப்பில் காட்டி மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்குவோம். உருகுவதற்கு 1064 டிகிரி வேண்டும், அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. அந்தச் சூட்டிலேயே அணுக்கள் புதிதாக அடுக்கிக்கொள்ளும், கம்பி மறுபடி இளகிவிடும். எடை மாறவில்லை, மாற்று (தங்கத்தின் தூய்மை) மாறவில்லை, அடுக்கு மட்டும் மாறியிருக்கிறது. என் தொழிலிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

“24 காரட்லயே வளையல் செஞ்சு குடுங்கண்ணா” என்று கேட்பவர்கள் உண்டு. போட்டால் நசுங்கிவிடும். 916 என்றால் 1000 பங்கில் 916 தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். செம்பு அணு தங்க அணுவைவிடச் சிறியது. நடுவில் அது உட்கார்ந்தால் வரிசை கோணலாகி வழுக்குவது கடினமாகும். வெள்ளி அணு ஏறக்குறைய தங்கத்தின் அளவேதான், அதனால் அது அவ்வளவு உறுதி தராது.

அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம் என்று அடிக்கடி படிக்கிறோம். 1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை மெல்லிய தங்கத் தகட்டின் மேல் விட்டபோது ஏறக்குறைய எல்லாமே ஊடுருவிப் போயின, மிகச் சிலவே திரும்பி வந்தன. அதை வைத்துத்தான் ரூதர்ஃபோர்டு 1911-இல் அணுக்கருவைச் சொன்னார். ஆனாலும் ‘வெற்றிடம்’ என்று சொல்லி நிறுத்துவது சரியில்லை என்பது என் கருத்து. அந்த இடம் முழுக்க எலக்ட்ரான்கள் பரவியிருக்கின்றன. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்று 1925-இல் பவுலி சொன்னார். நெருக்கினால் அவை கூடுதல் ஆற்றலுள்ள நிலைகளுக்கு ஏறியாக வேண்டும். அதனால்தான் விரல் மேஜைக்குள் போவதில்லை. பொருள்கள் தமக்குள்ளேயே நொறுங்கிச் சுருங்காமல் நிற்பதற்கும் இந்த விதி வேண்டும் என்று 1967-இல் டைசனும் லெனார்டும் கணிதமாகவே நிரூபித்தார்கள்.

சரி, வைரத்துக்கு வருவோம். ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களை, குறிப்பிட்ட திசைகளில் மட்டும், மிக இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. வழுக்க வழியே இல்லை. அடி பலமாக விழுந்தால் பிடி அறுந்து, தளம் தளமாகப் பிளக்கும். அதே இறுக்கத்தால் அணுக்களின் அதிர்வு சட்டென்று கடந்து போவதால், செம்பைவிடச் சுமார் 5 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். டைமண்ட் டெஸ்டரின் சூடான முனை பார்ப்பது இதைத்தான். வைரம் மாதிரி செய்த செயற்கைக் கல்லான அமெரிக்கன் டைமண்ட் உடனே மாட்டிக்கொள்ளும்.

வைரம் போலவே தெரியும் இன்னொரு கல்லான மாய்சனைட் மட்டும் தப்பிக்கும். அது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்தது, பிடிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு இறுக்கம், சூட்டை நன்றாகவே கடத்தும். ஆனால் நகைக்கு வரும் மாய்சனைட்டில் அணுக்கள் ஆறுகோண அடுக்காக இருப்பதால் எல்லாத் திசையும் ஒன்றல்ல, உள்ளே போகும் ஒளி இரண்டாகப் பிரியும். கல்லைக் கொஞ்சம் சாய்த்து லென்ஸில் பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது.