கையை எடுத்தபின்னும் ஏன் எரிகிறது?

ஃப்ளிப்-ஃப்ளாப் என்பது ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1-ஐ, ஞாபகம் வைக்கும் சுற்று. அதை மனப்பாடம் பண்ணாதீர்கள், கட்டிப் பாருங்கள். மதுரையில் எந்த பாலிடெக்னிக் பிள்ளை கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். டவுன்ஹால் ரோடு பக்கம் போய் ஒரு பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் வயரைச் சொருகும் பலகை), ஒரு 74ஹெச்.சி.02 ஐசி, ரெண்டு எல்.இ.டி, ரெண்டு புஷ் பட்டன், கொஞ்சம் ரெசிஸ்டர் வாங்குங்கள். 5 வோல்ட்டுக்குப் பழைய போன் சார்ஜர் போதும்.

அந்த ஐசிக்குள் நான்கு நார் கேட் இருக்கின்றன. இன்புட்டில் ஏதாவது ஒன்று 1 ஆனாலும் நார் கேட் 0 தரும், எல்லாமே 0 என்றால்தான் 1. ரெண்டு கேட்டை எடுத்து ஒன்றின் அவுட்புட்டை மற்றதின் இன்புட்டில் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு அவுட்புட்டிலும் ரெசிஸ்டர் வழியாக ஒரு எல்.இ.டி. மிச்சமிருக்கும் ஆளுக்கொரு இன்புட்தான் செட், ரீசெட். அவற்றை 10 கிலோ ஓம் போட்டு கிரவுண்டுக்கு இழுத்து வைத்து, பட்டனை 5 வோல்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். சும்மா கிடக்கும் ரெண்டு கேட்டின் இன்புட்டுகளையும் கிரவுண்டில் கட்டிவிடுங்கள், அந்தரத்தில் விடக்கூடாது. இன்னொன்று, பாடத்தில் வழக்கமாக வரும் நான்ட் கேட் ஐசியான 7400-ல் முதல் கேட்டின் அவுட்புட் 3-வது பின், 7402-ல் அது 1-வது பின். பழக்கத்தில் பிள்ளைகள் வயரை மாற்றிச் சொருகுவது இங்கேதான்.

திருமங்கலத்திலிருந்து வந்திருந்த அக்கா மகன் இதைக் கட்டி, செட்டை அழுத்திவிட்டு, "மாமா, கையை எடுத்துட்டேன், ஏன் இன்னும் எரியுது?" என்றான். எந்த இன்புட்டுக்கு என்ன அவுட்புட் என்று காட்டும் ட்ரூத் டேபிளில், செட், ரீசெட் ரெண்டும் 0 என்றால் "மாற்றமில்லை" என்ற வரியை ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க்கும் வாங்கியவன்தான். அந்தக் கேள்வி வருவதற்குத்தான் கட்டச் சொல்கிறேன். செட் அழுத்தியதும் அந்தப் பக்கத்து கேட் 0 ஆகிறது, அதனால் எதிர் கேட் 1 ஆகிறது, அந்த 1 திரும்பி வந்து முதல் கேட்டை 0-விலேயே பிடித்து வைக்கிறது. ரெண்டு பேர் இருக்க, முதலில் பேசியவர் மற்றவர் வாயைப் பொத்திவிடுகிற மாதிரி. பட்டனுக்கு இனி வேலையில்லை. ஒரு பிட் ஞாபகம் என்பது அந்தச் சுற்றிவரும் பாதைதான், வேறெங்கும் எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. இங்கிலாந்து இயற்பியலாளர்கள் எக்கிள்ஸும் ஜோர்டனும் 1918-ல் ரெண்டு வெற்றிடக் குழாய்களை வைத்துச் செய்ததும் இதே சுற்றுதான், இன்றைக்கு ப்ராசஸரின் கேஷ் நினைவகத்தில் வழக்கமாக பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர் வைத்து ஓடுவதும் இதுதான். கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும். திரும்பி வரும்போது எந்த எல்.இ.டி எரியும் என்று நம்பிச் சொல்ல முடியாது.

அப்புறம் ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ரெண்டு எல்.இ.டியும் அணையும். ஒரே நொடியில் விட்டால் எது ஜெயிக்கும் என்பது கேட்டுகளுக்கு இடையிலுள்ள நூலிழை வேக வித்தியாசத்தைப் பொறுத்தது. இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் டி லாட்ச்: ஒரே டேட்டா வயர், அதன் தலைகீழ் ரீசெட்டுக்குப் போகும், எனேபிள் என்ற அனுமதி வயர் 1 ஆக இருக்கும்போது மட்டும் டேட்டாவை உள்ளே விடும். அப்படி ரெண்டை வரிசையாக வைத்து, 0, 1 என்று மாறி மாறி வரும் கிளாக் சிக்னலை ஒன்றின் எனேபிளுக்கு நேராகவும் மற்றதுக்குத் தலைகீழாகவும் கொடுத்தால் கிளாக் மாறுகிற விளிம்பில் மட்டும் மதிப்பைப் பிடிக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப் கிடைக்கும்.

இதுவரை கையால் கட்டிய பிறகுதான் 7474-ஐ வாங்கித் தருவேன். அதில் இப்படி ரெண்டு தயாராக இருக்கும். இதை வைத்தே ஒரு சின்ன நினைவகம் கட்டினால், 16 முகவரி, ஒவ்வொன்றிலும் 4 பிட் என்றால் 64 பிட், அதாவது 32 ஐசி, போதாததற்கு எந்த முகவரி என்று தேர்ந்தெடுக்கும் டிகோடர் வேறு. அக்கா மகன் இப்போது 4 பிட் ரெஜிஸ்டர், அதாவது நாலு ஃப்ளிப்-ஃப்ளாப் சேர்ந்த ஒரு முகவரி அளவு, முடித்திருக்கிறான், அடுத்த லீவுக்கு டிகோடர்.