‘வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்’ என்ற ஒரு வரி

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் ஒரு காலை, மதுரையில் ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி நோக்கி வந்துகொண்டிருந்தபோது, எனக்கு இடப்புறம் சென்ற லோடு ஆட்டோ இண்டிகேட்டர் போடாமல் திடீரென்று வலப்பக்கம் ஒடிக்க, என் பைக் அதன் பக்கப் பலகையில் மோதியது. இடது காறை எலும்பு முறிந்தது. என்னைத் தூக்கிச்சென்று தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்த மனிதர், அங்கே கேட்டவர்களிடம் “பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க” என்று சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ‘இருசக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்து காயம்’ என்று ஏறிவிட்டது. ஆட்டோ அந்த வரியில் இல்லவே இல்லை.

நீதிமன்ற வட்டாரத்தில் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்லப்படும் அந்தப் பதிவேட்டு நகலின் கனம், மூன்றாம் நாள் என் மைத்துனர் அதைக் கையில் வாங்கிப் படித்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்துப் படிப்பது அதைத்தான். தானாக விழுந்தவருக்கு எதிர் வாகனத்தின் காப்பீடு பணம் தராது. எழுதியதை அடித்துத் திருத்த முடியாது என்று மருத்துவமனை சொல்லிவிட்டது, அது நியாயமும்கூட. நினைவு தெளிந்தபின் நான் சொன்ன விவரத்தைத் தேதியுடன் தனிக் குறிப்பாகச் சிகிச்சைக் கோப்பில் சேர்க்க மட்டும் மருத்துவர் ஒப்புக்கொண்டார். ஆகவே, உடன் செல்பவர் யாராயினும், எந்த வண்டி, எந்த இடத்தில், எப்படி மோதியது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்வது நல்லது. அப்படிக் கொண்டுசேர்ப்பவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

அடுத்தது காவல் நிலையம். ஆட்டோ உரிமையாளர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, “கேஸ் வேணாம்ணே, ஆஸ்பத்திரிச் செலவ நான் பாத்துக்கிறேன்” என்றார். அவர் கெட்டவர் அல்லர், பயந்தவர். வண்டிக்குக் காப்பீடும் ஓட்டுநருக்கு உரிமமும் செல்லுபடியாக இருந்தால் இழப்பீட்டுப் பணத்தைக் கட்டப்போவது காப்பீட்டு நிறுவனமே என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் சொன்னபின் அவரே பாலிசி நகலைக் கொடுத்தார். புகார் கொடுத்ததும் கிடைக்கும் சி.எஸ்.ஆர். ரசீதோடு பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது போதாது, முதல் தகவல் அறிக்கை வேண்டும், அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். என் வழக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 ஆகிய பிரிவுகளில் பதிவானது. மருத்துவமனையில் படுத்திருந்ததால் புகார் மூன்று நாள் தாமதமானது. தாமதம் ஒன்றை மட்டுமே காரணமாக வைத்து இழப்பீட்டு மனுவைச் சந்தேகிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தாமதத்தின் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிட வேண்டும்.

‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று நாம் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும்வரை வண்டியை மெக்கானிக்கிடம் விடக்கூடாது. எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பதுதான் மோதிய விதத்துக்குச் சாட்சி. விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் பார்வை மகஜரையும் வரைபடத்தையும் படித்துப் பார்ப்பதும் அவசியம். என் வரைபடத்தில் சாலைத் தடுப்பின் இடைவெளி குறிக்கப்படாமல் இருந்ததை மைத்துனர்தான் கண்டுபிடித்தார். திருப்பத்தில் இருந்த தேநீர்க் கடையின் கேமராப் பதிவில் பழைய காட்சிகள் சில நாட்களில் அழிந்துபோகும் என்பதால், அதை உடனே பென்டிரைவில் எடுத்துக்கொண்டோம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் பென்டிரைவால் பயனில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரிலோ, நாம் வசிக்கும் ஊரிலோ, எதிர்த்தரப்பினர் இருக்கும் ஊரிலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடலாம். விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்பது 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் உள்ள கெடு. அதைத் தாண்டவிட்டு விலக்குக் கேட்டு நிற்பதைவிட, எலும்பு கூடும் முன்பே மனுவைப் போட்டுவிடலாம். தொகையை முடிவு செய்வதில் மருத்துவர் எழுதும் ஊன விழுக்காட்டைவிட, அந்த ஊனம் நம் பிழைப்பை எவ்வளவு கெடுத்தது என்பதே முக்கியம். அதே தோள்பட்டைக் காயம் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கு வேலையையே பறிக்கும். கணக்கு எழுதுகிற எனக்கு அப்படியில்லை. மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 38 வயதுக்காரருக்கு வருவாய் இழப்பு 20 விழுக்காடு என்று ஏற்கப்பட்டால், ஓராண்டு இழப்பை அந்த வயதுக்குரிய 15 என்ற பெருக்கெண்ணால் பெருக்க, மற்றச் சேர்க்கைகள் நீங்கலாக, 5,40,000 ரூபாய் வரும்.

நம் பக்கமே தவறு இருந்தால்? ஒரே பைக்கில் மூவராகச் சென்றதாலேயே இழப்பீட்டைக் குறைத்துவிட முடியாது, அதற்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மீது வழக்குப் பதிவாகியிருக்கும்போது, அலைச்சலுக்குச் சலித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருவதுதான் எனக்குத் தெரிந்து பலரும் செய்யும் பெரிய பிழை. அந்த ஒப்புதல் பின்னால் இழப்பீட்டு வழக்கில் நமக்கு எதிராகவே திரும்பும்.

இரவல் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் தெருவில் ஒரு வண்டியை நான்கு பேர் ஓட்டுவது சகஜம். தேர்ட் பார்ட்டி பாலிசி, அதாவது பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு மட்டும் உள்ள வண்டியை இரவல் வாங்கி ஓட்டித் தானாகவே விழுந்தால் ஓட்டியவருக்கு அதில் இழப்பீடு இல்லை. பின்னால் உட்கார்ந்தவருக்கும் அதே பாலிசியில் காப்பு இல்லை. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும், உரிமத்துடன் ஓட்டும் உரிமையாளருக்கு மட்டுமே. விற்ற வண்டியின் ஆர்சியில் பெயர் மாறாமல் இருந்தால் விபத்துக்கான பொறுப்பு பழைய உரிமையாளரையே தேடி வரும். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டால், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் தனித் திட்டம் உண்டு. அதற்கும் போலீஸ் பதிவு வேண்டும்.

என் மனு தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருக்கிறது. ஏ.ஆர். காப்பியின் அந்த வரியைக் காட்டி, நான் தானாகவே விழுந்தேன் என்று காப்பீட்டு நிறுவனம் எதிர்பார்த்தபடியே பதிலுரை தாக்கல் செய்திருக்கிறது. அடுத்த வாய்தாவுக்குத் தேநீர்க் கடைக்காரர் சாட்சி சொல்ல வருகிறார். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு வந்தால் போதுமா என்று மட்டும் கேட்டார்.