திரை விலகிய நேரம்

சிதம்பரத்துக்கு இதற்கு முன்பு மூன்று முறை போயிருக்கிறேன். கூத்தபிரானைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, அவருக்கு வலப்பக்கம் திரைக்குப் பின்னால் இருக்கும் சிதம்பர ரகசியத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறவிட்டிருக்கிறேன். போன மார்கழியில் அம்மாவோடு போனபோது, பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவு.

கூத்தபிரான் இருக்கும் சிற்சபைக்கு எதிரே நல்ல கூட்டம். மேலே பொன் ஓடுகள். மொத்தம் 21,600 என்பார்கள், நாம் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்காம். நான் எண்ணியதில்லை, மூச்சையும் சேர்த்துத்தான். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சந்நிதி எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் பார்த்து நின்றாள்.

மணி ஒலிக்க ஆரம்பித்தது. சிதம்பரத்து மணி காதில் கேட்பதோடு நிற்காது, நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கி அதிரும். தீட்சிதர் திரையை விலக்கினார். வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. தட்டின் வெளிச்சத்தில் தங்க வில்வமாலைகள் மின்னின. அவற்றுக்குப் பின்னால் உருவம் எதுவும் இல்லை. எட்டிப் பார்த்தேன், முன்னால் நின்றவரின் தோளுக்கு மேல் இன்னும் எட்டினேன். அதற்குள் திரை மூடிவிட்டது.

இது ஆகாயத்தலம், இங்கே சிவன் உருவமில்லாமல் அருவமாக இருக்கிறார் என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். தெரிந்தே போனேன். ஆனாலும் கண் எதையோ தேடியது. தேடியது கிடைக்காத எரிச்சல் கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியே வரும்போது ஆயிரங்கால் மண்டபம். சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றிய இடம் என்பார்கள். ‘உலகெலாம்’ என்று இறைவனே அடியெடுத்துக் கொடுக்க, ‘உலகெலாம் உணர்ந்து ஓதற்கு அரியவன்’ என்று தொடங்குகிறார். உணரவும் முடியாது, சொல்லவும் முடியாது என்று முதல் வரியிலேயே கைவிரித்துவிட்டு, அப்புறம் 4,000-க்கும் மேற்பட்ட பாட்டு! முன்பெல்லாம் இதை நினைத்தால் சிரிப்பு வரும். அன்றைக்குத்தான் உறைத்தது: அந்தப் பாட்டெல்லாம் பெரும்பாலும் அடியார்களைப் பற்றியது. மண்பாண்டம் செய்தவர், துணி வெளுத்தவர், மீன் பிடித்தவர். அவனைச் சொல்ல முடியாது. அவன்மேல் பைத்தியமாக இருந்தவர்களைச் சொல்லலாம். மனுஷன் விவரமானவர்.

சிவகங்கைக் குளப்படியில் உட்கார்ந்து சம்பா சாதமும் கொத்சும் பிரித்தோம்.

“உனக்கு ஏதாவது தெரிஞ்சுதாம்மா?”

“வெளிச்சம் தெரிஞ்சுது.”

“அதுக்குப் பின்னாடி?”

“பின்னாடி என்னடா இருக்கணும்?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “கத்தரிக்கா நல்லா மசிஞ்சிருக்கு, சாப்பிடு” என்று கொத்சை என் பக்கம் நகர்த்தினாள்.