ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்கும் மாணவர்களுக்கு

படிப்பில் பின்தங்கிய கல்லூரி மாணவர்கள் பலர், மனம் தெளிந்தபின் படிக்கத் தொடங்கலாம் என்று நாள்களைத் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் பெரும்பாலும் வேலையைத் தொடங்கிய பிறகுதான் ஊக்கம் வருகிறது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று பிறர் கூறும் ஆறுதல் அன்று, நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவமே. ஆகவே, தேறாத பாடங்கள் அனைத்தையும் ஒரே வாரத்தில் முடிக்கத் திட்டமிடுவதைவிட, இன்று ஒரு கணக்கை எவர் உதவியுமின்றிப் போட்டு முடிப்பது மேலானது.

படிக்கும் முறையும் நம்பிக்கையைக் குலைக்கக்கூடும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப்பின் முன்னணியில் இருந்தனர். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். இரவெல்லாம் புத்தகத்தைப் புரட்டியும் தேர்வில் எதுவும் நினைவுக்கு வராத மாணவர் தமக்கு அறிவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். மாற வேண்டியது பெரும்பாலும் முறை மட்டுமே என்பதை அவருக்கு யாரேனும் சொல்ல வேண்டும்.

உறக்கமும் பசியும் குறைந்து, எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாமல் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ அணுகுங்கள்.